மூன்றாவது குழாய்

அத்தியாயம் 11

இந்தக் குடும்பத்தில் வாய் அடங்காதவள் யார் என்று கேட்டால் எல்லோரும் இளையவளைத்தான் காட்டுவார்கள். பேச ஆரம்பித்த வயதிலேயே அப்பா அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார். கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கட்டிக்கொண்டவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். பெரியவள் நேர் எதிர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும், அதுவும் யோசித்துத்தான் வரும். அப்பேர்ப்பட்ட பெரியவள்தான் போன வாரம் வாயை விட்டாள்.

போன வார அத்தியாயத்தைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் கழுத்தில், தைராய்டில், ஒரு சின்னக் கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவசரமில்லை, சில மாதம் பொறுத்து இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் சர்ஜன் அம்மா. ரேடியோவும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளுக்காகக் காத்திருந்த பெரியவள், "பொறுக்க வேண்டாம். உன் ரத்தத்துல அந்த மாற்றம் இருக்கு. நானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள்.

பெரியவளுக்கு மரபணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அவள் பார்த்தேன் என்றால் வீட்டில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. அதிலும் அம்மா போனதே கழுத்தில் ஆரம்பித்த புற்றுநோயில். மறுநாளே ரேடியோ சர்ஜனிடம் போய், தைராய்டை மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். இன்று மாலை அட்மிஷன், நாளை காலை ஆபரேஷன்.

இதில் ஒரு சிக்கல். ரேடியோ பிழைப்பதே குரலால்தான். டப்பிங் கலைஞர். சீரியலில் அழுகிற மருமகளும் அவள்தான், குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில் துள்ளுகிற அணிலும் அவள்தான். குரலுக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டித்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் குரல் அப்படியே இருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ரேடியோ அதற்கும் தலையாட்டிவிட்டாள்.

காலையில் பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனபோது ஆஸ்பத்திரிப் பை கூடத்து நடுவில் திறந்து கிடந்தது. ரேடியோவின் புருஷன், அதாவது வீட்டு மாப்பிள்ளை, அதில் அடுக்கியதை எடுத்து, எடுத்ததை அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் இருட்டில் நின்று வேலை செய்கிற மனிதர், பல் துலக்கும் பிரஷ்ஷை எந்த உறையில் வைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

ரேடியோ போனில் டப்பிங் டைரக்டரோடு பேசிக்கொண்டே வீட்டை அளந்துகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி. குரல் கட்டையாகிவிட்டால் கவலைப்படாதீர்கள், மருமகளை நிறுத்திவிட்டு மாமியார் வேஷத்துக்குக் கூப்பிடுங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். மறுமுனையில் அவர் அழுதாரோ என்னவோ, இவள்தான் ஆறுதல் சொன்னாள். பேசாத கை மட்டும் அடிக்கடி கழுத்துக்குப் போய் அந்த ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது.

போனை வைத்துவிட்டு அக்காவிடம் வந்தாள். இன்று மத்தியானம் வரை ரெக்கார்டிங் இருக்கிறது, முடிந்த மட்டும் முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோவிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன் என்றாள். அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது, அவருக்கு ஞாபகப்படுத்து என்றாள். மூச்சு விடாமல் இதையெல்லாம் சொன்னவள் சட்டென்று நின்றாள்.

"நீ மட்டும் சொல்லலைன்னா நான்பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன் அக்கா. அம்மா மாதிரி. அம்மாவும் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதானே சொல்லிட்டிருந்தாங்க."

பெரியவள் பையருகே குனிந்தாள். பைக்குள் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். மனைவி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் இவள் அக்காதான். குரலைத் தாழ்த்தி, "நிச்சயம்தானே அக்கா?" என்றார்.

"லேப்ல மூணாவது குழாய்ல இருக்கிறது அவ ரத்தம்தான், மாப்பிள்ளை. அடுக்கினதே நான்தான்."

அவர் தலையாட்டினார். ஆனாலும் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

பெரியவள் லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும், லேபில் கைக்காவது வேலை இருக்கும் என்று போனாள். கைக்கு வேலை இருந்தது, மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. திரவத்தைத் துளித் துளியாக உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டில் பிளாஸ்டிக் முனையை மாட்டுவாள், எதற்கு மாட்டினோம் என்று மறந்து கழற்றிப் போடுவாள். குப்பைக் கூடையில் உபயோகிக்காத முனைகள் சேர்ந்துகொண்டே போயின.

அவள் சொன்ன அந்த மாற்றம் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வேலை செய்கின்றன. எது எப்போது அடங்க வேண்டும் என்று சொல்ல, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று சின்னச் சின்னத் துணுக்குகள் இருக்கின்றன. அவை தாமாக எதையும் கட்டுவதில்லை. மற்றவற்றிடம் "போதும், நிறுத்து" என்பது மட்டுமே அவற்றின் வேலை. பிறவியிலேயே அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்கள் உண்டு. அப்படி மாறினால் அந்தப் "போதும்" பலவீனமாகலாம். அடங்க வேண்டிய மரபணு அடங்காமல் போகலாம். வளர வேண்டாத செல் வளரலாம்.

எல்லாமே இந்த "லாம்"தான். புற்றுநோய் வந்தவர்களில் பெரிய கூட்டம், வராதவர்களில் பெரிய கூட்டம் என்று எடுத்து, எதில் இந்த மாற்றம் கொஞ்சம் கூடுதல் என்று பார்ப்பார்கள். ஓர் ஆய்வில் ஆம் என்று வரும், வேறு மக்களிடம் செய்த ஆய்வில் இல்லை என்று வரும். ஆரோக்கியமாகக் கிழவர்களாகிச் சாகிற எத்தனையோ பேரிடமும் அது இருக்கும். அதனால் தனி ஒருவரிடம் போய் உனக்கு இருக்கிறது என்று பயமுறுத்தக் கூடாது என்பது அந்த லேபின் முதல் விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே பெரியவள்தான்.

பிறகு எப்படித் தங்கையின் ரத்தம் அவள் கையில் வந்தது? நோயாளிகளின் ரத்தம் கிடைப்பது அரிது. புதிதாக ஒரு சோதனையை அதில் நேரே ஓட்டிப் பாழாக்க மாட்டார்கள். அதற்காக லேப் ஆட்கள் தாங்களும் கொடுத்து, வீட்டாரையும் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுக்க வைத்து, எட்டுப் பேரின் ரத்தத்திலிருந்து பிரித்த மரபணுச் சாம்பிளை வைத்திருந்தார்கள். எட்டுக் குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாக இருக்கும். ஒவ்வொரு குழாயும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று தெரிய, முதல் குழாயின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புப் புள்ளி. அங்கிருந்து எண்ணினால் மூன்றாவது ரேடியோ, நாலாவது மாப்பிள்ளை, ஐந்தாவது லேபின் தலைவி மேடம், ஆறாவது பெரியவள். குடும்பப் பட்டை என்று அதற்குச் செல்லப் பெயர்.

முன்னோட்டத்துக்கு மட்டும்தான் அந்தப் பட்டை. யாருடையது என்ன என்று பார்க்கக் கூடாது. பெரியவளும் பார்த்திருக்க மாட்டாள். தங்கை கழுத்தில் கட்டி என்று தெரிந்த பிறகு கண் தானாக மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

மேடம் பத்து மணி வாக்கில் வந்து, புதிதாக வாங்கிய ஆண்-பெண் சோதனையைக் குடும்பப் பட்டையில் ஒரு தடவை ஓட்டிவிடச் சொன்னார். ரத்தம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று காட்டும் சோதனை அது. முன்பே விடை தெரிந்த ஆட்களிடம் ஓட்டினால்தான் சோதனை ஒழுங்கா என்று தெரியும். மூளையை உபயோகிக்க வேண்டாத வேலை கிடைத்ததே என்று பெரியவள் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டாள்.

மெஷின் ஓடி முடிக்கும் வரை அவள் கை கழுவினாள், மேஜையைத் துடைத்தாள், டீ போட்டு ஆற வைத்துக் கொட்டினாள். பிறகு திரையில் முடிவு வந்தது.

மாப்பிள்ளை பெண் என்று இருந்தது.

இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாவதைப் பார்த்தாள். மேடம் ஆண். எட்டிப் பார்த்த மேடமும், "என் மாமியார் ஒருத்திதான் இதை ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சோதனை மட்டம், கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டியதுதான் என்று மேடம் போனை எடுத்தார்.

பெரியவளின் சிரிப்பு பாதியில் நின்றது. மற்ற ஆறும் சரியாக இருக்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் எப்படி மாறும்? பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறுப்புப் புள்ளி இருந்தது. பளிச்சென்று, புதிதாக இருந்தது. மற்ற பட்டைகளில் புள்ளிகள் மங்கி, தேய்ந்து கிடந்தன.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேஜையில் ஏதோ சிந்தி, பட்டையை ஸ்பிரிட்டால் துடைத்த நாள். புள்ளியும் சேர்ந்து அழிந்துவிட்டது. மறுபடி வைக்க மார்க்கரைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. ரேடியோ. அக்கா, கழுத்துல என்னவோ உருண்டையா இருக்காம், ஸ்கேன்ல சொல்றாங்க என்று. பேசிவிட்டு வந்து, நின்ற வாக்கில், கையில் கிடைத்த ஓரத்தில் புள்ளி வைத்தாள்.

மறு ஓரத்தில் வைத்துவிட்டாள். ஒன்று எட்டாகிவிட்டது. நாலாவது ஐந்தாவதாகிவிட்டது. மூன்றாவது என்று அவள் பார்த்தது ஆறாவது. மற்ற ஆறு பேரும் பெண்களாகவே அமைந்துவிட்டதால் நடுவில் இருந்த இரண்டு மட்டும் மாறித் தெரிந்தன.

தங்கையின் முடிவைத் தேடிப் பார்த்ததையும் சேர்த்து மேடத்திடம் சொன்னாள். சொல்லும்போதே மேடத்தின் முகம் மாறியது. பட்டை திரும்பியதில் அவருக்குப் பெரிய கோபமில்லை, அது எந்த லேபிலும் நடக்கும். அவர் கேட்டது வேறு.

"இதை நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

தங்கையிடமே சொல்லிவிட்டேன் என்றாள் பெரியவள். நாளை காலை என்ன நடக்கப் போகிறது என்பதைப் பிறகு ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தாள். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கட்டுரைல தப்பு வந்தா அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுக்கலாம். இதுக்கு எங்க போய்த் திருத்தம் போடுவே?"

திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், முதலில் மூல ரத்தத்திலிருந்து மறுபடி ஓட்டு என்று அவரே ஃப்ரீசரைத் திறந்தார். அங்கே இருந்தவை தனித்தனிக் குழாய்கள், தனித்தனிக் குறியீடுகள். திரும்பிக்கொள்ள வழியில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் தங்கைக்கு அடித்தாள். போன் அணைந்திருந்தது, ரெக்கார்டிங் அறைக்குள் போனை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு அடித்தாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் பையோடு போய்விட்டிருந்தார், கட்டில் பார்த்தாயிற்று, ஜன்னலோரம் கிடைத்தது என்றார். நான் வரும் வரை எதற்கும் சரி சொல்லாதீர்கள் என்றாள். ஏன் என்று கேட்டார். வாய் வரை வந்ததை விழுங்கினாள். ஒரு தடவை சரிபார்க்காமல் பேசியதே போதும் என்று, நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். பாவம் மனிதர், அங்கே என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தாரோ.

முடிவு வந்தது. தங்கைக்கு அந்த மாற்றம் இல்லை. பெரியவளுக்கு இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், எத்தனை பேருக்கு இல்லை, இதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று நினைத்தாள். எந்தத் தடையும் இல்லாமல், மூச்சு விடுவது போல அந்த நினைப்பு வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தனக்கு என்றதும் இவ்வளவு சுலபமாக வந்த நியாயத்தில் ஒரு வரிகூடத் தங்கைக்கு அவள் கொடுக்கவில்லை. அவமானமாக இருந்தது. பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள், மேடம் ஓடி வந்து கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியர் அவளைச் சத்தம் போடாமல் உள்ளே வரச் சொல்லி ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வசனமெல்லாம் முடிந்துவிட்டதாம், இப்போது உதிரிச் சத்தங்கள். பின்னால் எந்தக் காட்சிக்கு எது தேவைப்படுமோ தெரியாதென்று டைரக்டர் கேட்டிருந்தார். மருமகளின் விசும்பல், பெருமூச்சு, தூக்கத்தில் எழுந்து "யாரு?" என்பது. பிறகு அணிலின் சிரிப்பு, அணிலின் தும்மல், அணில் பயந்து ஓடுவது.

ஒவ்வொன்றையும் நாலு விதமாகச் செய்தாள். செய்து முடித்ததும் தண்ணீர் குடித்துக் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். ஒரு மனுஷி தன் குரலைப் பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். பெரியவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே நடைபாதைக்குப் போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ வந்தாள். என்ன இங்கேயே வந்துவிட்டாய், ஆஸ்பத்திரிக்குத்தானே வருவதாகச் சொன்னாய், சாப்பிட்டாயா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அடுக்கினாள்.

"உனக்கு அது இல்ல" என்றாள் பெரியவள்.

"எது?"

"அந்த மாற்றம். புள்ளியை ஓரம் மாத்தி வெச்சுட்டேன். நீன்னு நெனச்சு நான் பாத்தது என்னோட ரத்தம். இப்பத்தான் மறுபடி ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்."

ரேடியோவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டதுதான்.

"உனக்கா? அப்ப உனக்கா இருக்கு? உன் கழுத்தைப் பாத்தாங்களா? யார்கிட்டயாவது காட்டினியா?"

அவள் கண் கலங்கிவிட்டது. அதைத் தாங்க முடியாமல் பெரியவள் அவசரமாகச் சமாதானம் சொன்னாள்.

"பதறாதே. அது ஒண்ணுமில்ல. நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கு இருக்கும். அதை வெச்சு ஒரு தனி ஆளுக்கு இப்படித்தான்னு சொல்லவே முடியாது."

பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"எப்பலேர்ந்து சொல்ல முடியாது?"

எதற்கும் வார்த்தை தேட வேண்டியிராத ரேடியோ, இப்போது ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பேசினாள்.

"இதை ஏன் அன்னைக்கு எனக்குச் சொல்லல?"

"உனக்குன்னதும் பயந்துட்டேன்டி. அம்மா ஞாபகம் வந்துருச்சு. வேற எதுவும் தோணல."

"பயந்தே. சரி. எனக்கும்தான் பயம். ஆனா பயமா இருக்குன்னு நீ சொல்லலையே அக்கா. பாத்தேன்னு சொன்னே."

சொல்லிவிட்டு ரேடியோ திரும்பினாள். உள்ளே போனாள். இன்னும் இரண்டு சத்தம் பாக்கி இருக்கிறதாம், அதையும் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அணில் கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெரியவளே வாயைத் திறந்து, தான் செய்த தப்பை மழுப்பாமல் சொன்னாள். சர்ஜன் அவளைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. கட்டி அன்றைக்கு இருந்த மாதிரிதான் இன்றைக்கும் இருக்கிறது என்றார். உங்கள் அம்மாவின் கதையையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கே பொறுக்கலாம் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன், ஆனாலும் எடுத்துவிட்டால்தான் தூக்கம் வரும் என்றால் எடுத்துவிடலாம், முடிவு உங்களுடையது என்று ரேடியோவைப் பார்த்தார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். பெரியவளும் தங்கையைப் பார்த்தாள். எப்போதும் எந்த முடிவானாலும், ஒரு புடவை எடுப்பதானாலும்கூட, ரேடியோ ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்ப்பாள். இன்று பார்க்கவில்லை.

"வேண்டாம் டாக்டர். நீங்க சொன்ன மாதிரி ஊசியே மறுபடி போட்டுப் பாக்கலாம்."

ஜன்னலோரக் கட்டில் வேறு யாருக்கோ போனது. பிரிக்காத பை திரும்பக் காருக்கு வந்தது. வழியில் மாப்பிள்ளைக்கு இந்தக் கதை எப்படி வெளிப்பட்டது என்று தெரிந்தபோது, நான் பொம்பளையா என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கூடச் சேர்ந்து யாரும் சிரிக்காததால் இருமுவது போல் செய்து அடக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஓட்டினார். ரேடியோ முன்னால். பையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் பின்னால்.

காருக்குள் ஏறியதிலிருந்து ரேடியோவுக்கு வாய் ஓயவில்லை. டைரக்டரைக் கூப்பிட்டு நாளைக்கே வருகிறேன், மாமியார் வேஷம் வேண்டாம், என் மருமகளை எனக்கே கொடுங்கள் என்றாள். அப்பாவைக் கூப்பிட்டுச் சும்மாதான் என்று ஒரு பாடு பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாள். போன் ஓய்ந்ததும் புருஷனிடம் பாத்ரூம் குழாய், சிக்னலில் குறுக்கே வந்தவன், தன் பசி என்று எல்லாவற்றையும் பேசினாள். அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை, மணி மாதிரி இருந்தது. நாளைக்கு இதே நேரத்தில் இந்தக் குரல் எப்படி இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள். ஆனால் அத்தனை பேச்சில் ஒரு சொல்கூடப் பின்சீட்டுக்கு வரவில்லை.

பெரியவள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஒரு தடவை, "ரேடியோ" என்று கூப்பிடவும் செய்தாள். முன்னால் இருப்பவள் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த அக்காவும் தங்கையும் பேசாமல் இருந்து பார்த்தறியாத மாப்பிள்ளை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

பெரியவள் வீட்டு வாசலில் கார் நின்றது. வருகிறேன் மாப்பிள்ளை என்று அவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தப் போனபோது, ரேடியோ முன்பக்கக் கண்ணாடியையே பார்த்தபடி, புருஷனிடம் பேசினாள்.

"அவங்ககிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைல அதே ஆஸ்பத்திரியில கழுத்து ஸ்கேனுக்கு அவங்க பேரைக் குடுத்திருக்கேன்."

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றே கூப்பிட்டவள் அவங்க என்றதும் பெரியவள் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டாள். அந்த ஸ்கேன் தேவையில்லை, அந்த மாற்றத்தை வைத்து அப்படியெல்லாம் ஓட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல இப்போது அவளுக்கு வாய் இல்லை. மாப்பிள்ளை திரும்பி இவள் முகத்தைப் பார்த்தார், சொன்னதைத் திருப்பிச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

"நீயும் வருவியான்னு கேளுங்க, மாப்பிள்ளை" என்றாள் பெரியவள்.

ரேடியோ இறக்கிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பிறகு புருஷனிடமே சொன்னாள்.

"வருவேன். வந்தாலும் பேச மாட்டேன்னு சொல்லுங்க."